எக்ஸெல்லில் இரண்டரைக் கோடி, வங்கியில் அடகு நகை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 43. பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். பிடித்தம் போகக் கைக்கு 1,10,000 ரூபாய் வருகிறது. மனைவிக்கு 39 வயது. தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அப்பா 2018-ல் தவறிவிட்டார். 68 வயது அம்மா எங்களோடு இருக்கிறார்.

"2019-லிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி குடும்பத்தின் நிகர மதிப்பை எக்ஸெல்லில் எழுதி வருகிறேன். ஒரு மாதம்கூட விட்டதில்லை. இந்த மாதக் கணக்கு: வீடு 85 லட்சம், தாராபுரம் பக்கம் அப்பா வாங்கிய இரண்டு ஏக்கர் தோட்டம் 60, 45 பவுன் நகை 40, பிஎஃப் 16, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) 7, மியூச்சுவல் ஃபண்ட் 19, இரண்டு எண்டோமென்ட் பாலிசிகள் 12, மகள் பெயரில் செல்வமகள் சேமிப்பு 5, டெபாசிட் 4, ஏலச்சீட்டு 2, மச்சினனுக்குக் கொடுத்த கைமாற்று 3, கார் 4. மொத்தம் 257 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 14 லட்சத்தைக் கழித்தால் 2 கோடியே 43 லட்சம்.

"எங்கள் மாதச் செலவு 60,000. ஆண்டுக்கு 7.2 லட்சம். அதன் 25 மடங்கு, அதாவது 1 கோடியே 80 லட்சம் சேர்ந்தால் நிதி சுதந்திரம் என்று படித்தேன். நான் அதைத் தாண்டி 63 லட்சம் வைத்திருக்கிறேன். வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு, சிறு பட்டறைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆலோசனை சொல்லி மாதம் 40,000 சம்பாதித்தால் போதும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. 'பேப்பர்ல ரெண்டரைக் கோடி இருக்குதுங்கறீங்க, பசங்க ஃபீஸுக்கு என் நகையைத்தானே வெச்சிருக்கோம்' என்கிறார். ஒன்பது பவுனை வைத்து 5 லட்சம் வாங்கியது உண்மைதான். சீக்கிரம் திருப்பிவிடுவோம் என்பதால் அதைக் கணக்கில் எழுதவில்லை. என் கணக்கில் தப்பு இருக்கிறதா, இல்லை அவருக்குப் புரியவில்லையா?"

அன்புள்ள வாசகருக்கு,

ஆறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாதமும் விடாமல் எழுதி வருகிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்பதே தெரியாது. அந்தப் பழக்கம்தான் உங்களுடைய பெரிய சொத்து. அதனால் இனி நான் சொல்லப்போவது எதையும் அந்தப் பழக்கத்தின் மேல் வைத்த குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. நீங்கள் ஐந்து பக்கத்தில் எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நிகர மதிப்பு என்பது "எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்தால் என்ன மிஞ்சும்" என்கிற கணக்கு. வேலையை விட்ட பிறகு மாதாமாதம் அரிசிக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் எங்கிருந்து எடுப்பது என்பது வேறு கணக்கு. நீங்கள் முதல் கணக்கின் விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தவிர, முதல் கணக்கிலேயே சில வரிகள் சரியில்லை. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

தோட்டம் முழுவதும் உங்களுடையது அல்ல

பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்றும், "அக்காவுக்குக் கல்யாணத்தில் 40 பவுன் போட்டாச்சு, அதனால் அவருக்குப் பங்கு இல்லை" என்றும் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. (அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் ஒரு பங்குக்காரர்.) பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை உண்டா என்ற விவாதத்தையும் 2005-ல் வந்த திருத்தமும் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் முடித்துவைத்துவிட்டன. உங்களுடையது பூர்வீகமே இல்லை என்பதால் அந்த விவாதத்துக்குள் போகவே தேவையில்லை. கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுப் பங்கைக் கழிக்காது.

எனவே 60 லட்சம் என்று எழுதிய இடத்தில் 20 லட்சம் என்று எழுதுங்கள். அக்கா தானாக விட்டுக்கொடுக்க விரும்பினால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வாய்ச்சொல் போதாது. ஆனால் "என் கணக்குக்கு வேணும், கையெழுத்துப் போடு" என்று போய் நிற்காதீர்கள். அம்மா நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே மூவரும் உட்கார்ந்து பேசி, வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்குக் கொடுங்கள். பங்கு எப்படிப் பிரிந்தாலும் பத்திரம் தெளிவாக இருக்கும் நிலம்தான் நல்ல விலைக்குப் போகும். உள்ளூரில் ஒரு வழக்கறிஞரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டிவிட்டு இதைத் தொடங்குவது நல்லது.

நகை: எடையும் உரிமையும்

45 பவுனைக் கடை விலைக்குக் கணக்கிட்டிருக்கிறீர்கள். கடை விலை என்பது நீங்கள் வாங்கும் விலை. விற்கப் போனால் செய்கூலி, சேதாரம், கட்டிய ஜிஎஸ்டி எதுவும் திரும்பி வராது. கல் எடை கழியும், பழைய நகைக்குத் தரம் பார்த்து இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். 36 லட்சம் என்று எழுதுவது நியாயம்.

இதைவிட முக்கியமான ஒன்று. அதில் 28 பவுன் உங்கள் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றும், "ஒரே குடும்பம்தானே, யாருடையது என்று எதற்குப் பிரிக்க வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்பில் பிரிக்க வேண்டாம். கணக்கில் பிரித்தே ஆக வேண்டும். பெண்ணுக்குத் திருமணத்தில் தாய் வீடு தந்த சீதனம் அவருடைய தனிச் சொத்து. கணவர் வீட்டில் இருப்பதால் அது கணவருடன் கூட்டுச் சொத்து ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. அடகு வைத்த ஒன்பது பவுனும் அந்த 28-ல் இருந்துதான் போயிருக்கிறது. அதாவது பிள்ளைகளின் ஃபீஸுக்குக் கடன் கொடுத்தவர் உங்கள் மனைவி. அந்தக் கடனை உங்கள் அட்டவணையில் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை என்பது அவரை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் நினைவூட்டுகிறார் என்று படுகிறது.

மற்ற வரிகள்

எண்டோமென்ட் பாலிசிகளை (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) 2034-ல் முதிர்ச்சியில் வரும் தொகைக்கு எழுதியிருக்கிறீர்கள். இன்றைய கணக்கில் இன்றைய சரண்டர் மதிப்புதான், அதாவது பாலிசியை இன்றே திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் தொகைதான், வர வேண்டும். கிளையில் கேட்டபோது சுமார் 5 லட்சம் சொன்னார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12 அல்ல, 5.

ஏலச்சீட்டில் 20 மாதத்தில் 11 மாதம்தான் கட்டியிருக்கிறீர்கள். இதுவரை கட்டியது, கழிவு போக, ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். அதை மட்டும் எழுதுங்கள். சீட்டு நடத்துகிறவர் 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தெரிந்தவர் என்பது பதிவுக்கு மாற்று அல்ல.

மச்சினனுக்குக் கடை வைக்க 2016-ல் கொடுத்த 3 லட்சம். எழுத்து இல்லை, இதுவரை ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. கடனைச் சட்டப்படி கேட்கப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அதற்குள் எழுத்தில் ஒப்புதலோ பகுதிப் பணமோ வந்திருந்தால்தான் அது நீளும். இந்த வரியைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். உறவை விடச் சொல்லவில்லை. மாதாமாதம் முதல் தேதி அந்த வரியைப் பார்த்து மனம் கசப்பதை விடச் சொல்கிறேன். காருக்கு 3 லட்சம் போதும், அதுவும் ஆண்டுதோறும் குறையட்டும்.

நகைக் கடன் 5 லட்சத்தைக் கடன் பக்கம் சேர்த்தால் மொத்தக் கடன் 19 லட்சம். எல்லாம் திருத்தினால் உங்கள் குடும்பத்தின் நிகர மதிப்பு சுமார் 1 கோடியே 82 லட்சம்.

உடனே உங்கள் கண்ணில் படப்போவது எனக்குத் தெரியும்: "அப்படியும் 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டித்தானே இருக்கிறேன்!" தாண்டித்தான் இருக்கிறீர்கள். ஆனால் அதை வைத்து வேலையை விட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

எடுத்துச் செலவழிக்கக்கூடியது எவ்வளவு?

குடியிருக்கும் வீட்டின் ஒரு சுவரை விற்று மளிகை வாங்க முடியாது. வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது. அது பெரிய உதவிதான், ஆனால் அந்த உதவி உங்கள் செலவுக் கணக்கில் வாடகை இல்லாததன் மூலம் ஏற்கெனவே வந்துவிட்டது. இன்னொரு முறை சொத்துப் பக்கமும் சேர்த்தால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். செல்வமகள் பணம் மகளுடையது. நகை விற்பதற்கு இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறீர்கள். தோட்டம் இப்போதைக்குப் பிரியாத சொத்து. கார் ஓடுவதற்கு.

இவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது பிஎஃப் 16, பிபிஎஃப் 7, ஃபண்ட் 19, பாலிசி 5, டெபாசிட் 4, சீட்டு 1. ஆக 52 லட்சம். கடன் 19 லட்சத்தையும் இதிலிருந்துதான் அடைக்க வேண்டும் என்றால் 33 லட்சம். உங்கள் 2 கோடியே 43 லட்சத்தில் சுதந்திரத்துக்கு உதவும் பகுதி இவ்வளவுதான். இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கும். ஆனால் ஏப்ரலில் ராஜினாமா கொடுத்துவிட்டு அடுத்த தீபாவளிக்குள் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிவது நல்லது.

இந்த 52-க்குள்ளும் இன்னொரு பிரிவு இருக்கிறது. பிஎஃப் முதுமைக்கான பணம். பிபிஎஃப் 2016-17-ல் தொடங்கியது என்பதால் 2032 ஏப்ரலில்தான் முதிர்கிறது. நடுவில் எடுப்பதற்கு வரம்பு உண்டு. இப்போதே கைக்கு எட்டும் பணம் என்று பார்த்தால் ஃபண்டும் டெபாசிட்டும் மட்டும்தான். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத்தை நம்பியும் திட்டம் போடாதீர்கள். அதைக் கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் மாதம் சில ஆயிரம்தான் வரும்.

அந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது?

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் 1926 முதல் தந்த வருமானத்தை வைத்து, ஓய்வுபெற்றவர் முதல் ஆண்டு தன் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் பணம் குறைந்தது 30 ஆண்டு தாங்கியிருக்கும் என்று காட்டினார். 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு. நல்ல ஆய்வு. ஆனால் அது அந்த நாட்டின் சந்தை, அந்த நாட்டின் விலைவாசி, 30 ஆண்டு ஆயுள். உங்கள் மனைவிக்கு 39 வயது. அவர் 90 வரை இருப்பார் என்று வைத்தால் பணம் 51 ஆண்டு ஓட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்று 60,000-க்கு நடக்கிற குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டில் 1,20,000 தேவை. அதனால் இந்தியக் குடும்பங்களுக்கு, அதுவும் நாற்பதுகளில் வேலையை விட நினைப்பவர்களுக்கு, நான் 30 மடங்குக்குக் கீழே சொல்வதில்லை. 35 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து, அந்த 60,000. அது மாதாமாதம் போகும் செலவு மட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை வருபவை அதில் இல்லை. பள்ளிக் கட்டணம் 2.2 லட்சம். மொய், சீர், குலதெய்வக் கோயில் பயணம் எல்லாம் சேர்த்து 80,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வரி, வண்டிப் பராமரிப்பு, பெயின்ட் என்று ஆண்டுச் சராசரியில் 60,000 ஆகும். இன்று அம்மா உட்பட எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கம்பெனி தருகிறது. வேலையை விட்ட அன்றே அது போய்விடும். சொந்தமாக எடுத்தால் 70,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஆண்டுச் செலவு 7.2 அல்ல, 11.5 லட்சம். இதற்கு மேல் வீட்டுக் கடன் தவணை மாதம் 18,000, இன்னும் ஒன்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. நகை அடகுக் கடைக்கும் வங்கிக்கும் போவது பெரும்பாலும் இந்த ஆண்டுச் செலவுகளால்தான். மாதக் கணக்கு எழுதும் குடும்பங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: ஜூன் மாதம் வந்தால் பீரோ திறக்கும்.

பள்ளிக் கட்டணம் ஒரு நாள் முடியும். கல்லூரியைத் தனி இலக்காக வைப்போம். அப்படியானால் வாழ்நாள் செலவு ஆண்டுக்கு 9.3 லட்சம். அதன் 30 மடங்கு 2 கோடியே 79 லட்சம். வீடு, நகை, தோட்டம் இல்லாமல், கடன் இல்லாமல்.

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது முழு ஓய்வு அல்ல. வயிற்றைப் பிசையாத ஞாயிற்றுக்கிழமை. மாதம் 40,000 சம்பாதிக்கத் தயாராகவே இருக்கிறீர்கள். மனைவியின் 28,000 சேர்ந்தால் 68,000. ஆண்டுக்கு 8.16 லட்சம். இன்று விட்டால் செலவு 11.5, தவணை 2.16, மொத்தம் 13.66 லட்சம். ஆண்டுக்கு 5.5 லட்சம் துண்டு விழும். கைக்கு எட்டும் 23 லட்சம் (ஃபண்ட் 19, டெபாசிட் 4) நான்கைந்து ஆண்டில் கரைந்து, மகள் கல்லூரி வாசலில் நிற்கும்போது கை காலியாக இருக்கும். ஏப்ரல் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் வீட்டுக் கடன் முடிந்து, கல்லூரிப் பணம் தனியாகச் சேர்ந்துவிட்ட நிலையை நினைத்துப் பாருங்கள். செலவு 9.3, வரவு 8.16. துண்டு விழுவது ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சத்துக்குள். அப்போது பிஎஃப், பிபிஎஃப், ஃபண்ட் எதையும் தொடாமல் வளரவிடலாம். முழுச் சுதந்திரத்துக்கு 2 கோடியே 79 லட்சம் வேண்டும். பாதிச் சுதந்திரத்துக்குக் கடன் இல்லாத வீடும் பிள்ளைகளின் படிப்புப் பணமும் போதும். ஆறேழு ஆண்டில், 50 வயதை ஒட்டி, இதற்கு வந்துவிடலாம். தோட்டப் பங்கு தெளிவாகி, நீங்களே விற்க முடிவு செய்தால் இன்னும் முன்னதாக.

நடுவில் இந்த வேலைதான் உடம்பைத் தின்கிறது என்றால் வேறு வேலை பாருங்கள். சம்பளம் 10,000, 15,000 குறைந்தாலும் பரவாயில்லை. கசந்துபோன வேலையிலிருந்து வெளியே வரக் கோடிகள் சேர வேண்டிய அவசியம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டதால்தான் ஏப்ரல் என்ற அவசரம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைவது தொடர்ந்தால் ஒரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

நகையை மீட்பது. டெபாசிட் உங்களுக்கு 6.5, 7 சதவீதம் தருகிறது, அதற்கு வரியும் உண்டு. நகைக் கடனுக்கு 9 சதவீதம் கட்டுகிறீர்கள், ஆண்டுக்கு 45,000 ரூபாய். டெபாசிட்டில் 3 லட்சத்தை எடுங்கள், சீட்டை அடுத்த ஏலத்தில் எடுங்கள், இரண்டையும் சேர்த்து அடைத்துவிடுங்கள். "அவசரத்துக்கு டெபாசிட் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். மீட்ட நகைதான் அவசரத்துக்கு இருக்கிறதே. அதை வைத்து அரை நாளில் பணம் வாங்கலாம். ஃபீஸுக்கு மட்டும் இனி அது போகக் கூடாது. அதற்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஒன்று மாதம் 18,500-க்குத் தொடங்குங்கள். நகைக் கடன் வட்டி நின்றதும் அதில் ஒரு பகுதி கிடைக்கும், சீட்டுத் தவணைகள் முடிந்ததும் இன்னொரு பகுதி கிடைக்கும்.

அடுத்தது காப்பீடு. கம்பெனி தரும் குழுக் காப்பீட்டைத் தவிர உங்களுக்கு டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இல்லை. இந்தக் குடும்பம் உங்கள் ஒரு சம்பளத்தின் மேல் நிற்கிறது. ஒன்றரைக் கோடிக்கு ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டால், அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே சேரும். கடன்காரர்கள் கை வைக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சொந்த மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அது கம்பெனிக் காப்பீடு இருக்கும்போதே ஓடி முடிந்துவிடட்டும். அம்மாவுக்குத் தனி பாலிசி. பழைய எண்டோமென்ட் பாலிசிகளைப் பற்றி டேர்ம் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். சரண்டர் செய்வதா, பிரீமியத்தை நிறுத்திப் பெய்டு-அப் ஆக்குவதா (இதுவரை கட்டியதற்கு ஏற்ற குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடர்வது) என்று இரண்டு தொகையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.

ஒரு பாலிசியில் இன்னும் உங்கள் அப்பா பெயர்தான் நாமினி என்று ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே மாற்றுங்கள். ஃபண்ட், வங்கி, பிஎஃப் எல்லாவற்றிலும் பாருங்கள். உயிலும் எழுதுங்கள், வங்கிக் கணக்கிலும் ஃபண்டிலும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுரிமை அதனால் மாறாது. சில ஆண்டுகளுக்கு முன் கணவரைத் திடீரென்று இழந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். கையில் கணவர் அழகாக அச்செடுத்து வைத்த அட்டவணை. முப்பது வரிகளுக்கு மேல். அதில் எட்டு, ஒன்பது வரிகள் எந்த வங்கி, எந்த எண் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தேடி எடுக்க எங்களுக்கு ஓராண்டு ஆனது. உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விவரம் சேருங்கள்: யார் பெயரில், காகிதம் எங்கே, நாமினி யார்.

கணக்கை இனி எப்படி எழுதுவது?

எழுதுவதை நிறுத்த வேண்டாம். மூன்று பகுதியாகப் பிரியுங்கள். வாழ்வதற்கான சொத்து (வீடு, கார், நகை) ஒரு பக்கம். இதன் மதிப்பை ஆண்டுக்கு ஒரே முறை மாற்றினால் போதும். புரோக்கர் சொன்ன விலையை மாதாமாதம் எழுதுவதில் பயன் இல்லை. பிள்ளைகளுக்கானது இன்னொரு பக்கம். எடுத்துச் செலவழிக்கக்கூடியது மூன்றாவது. மூன்றாவதன் மொத்தத்திலிருந்து கடனைக் கழித்து, ஆண்டுச் செலவால் வகுத்து, "எத்தனை ஆண்டு" என்று எழுதுங்கள். இன்று உங்களுக்கு அது 33-ஐ 9.3-ஆல் வகுத்தால் மூன்றரை ஆண்டு. கோடிகளில் எழுதுவதைவிட ஆண்டுகளில் எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். அடுத்த ஆண்டு அது நான்கே கால் ஆனால், எதனால் ஆனது என்று மகளுக்குக்கூடச் சொல்லலாம்.

அட்டவணையில் இன்னொரு வரிசையும் வேண்டும். மதிப்பு ஏறியது எதனால் என்பது. இரண்டு ஆண்டுக்கு முன் 1 கோடியே 95 லட்சமாக இருந்தது இப்போது 2 கோடியே 43 லட்சம் ஆனது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 48 லட்சத்தில் நீங்கள் சேமித்ததும் அசலாக அடைத்ததும் பிஎஃப்பில் போனதும் எல்லாம் சேர்த்து, நீங்கள் அனுப்பிய விவரப்படி, பத்துப் பன்னிரண்டு லட்சம்தான் வருகிறது. மீதி பெரும்பாலும் தங்கம் விலையும் வீட்டு விலையும் ஏறியது. தங்கம் ஏறினால் உங்கள் வீட்டில் ஒரு பவுன்கூடக் கூடிவிடவில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு லட்சம்தான் உங்கள் இருவரின் உழைப்பு. அடுத்த இரண்டு ஆண்டில் அதைப் பதினாறு ஆக்க முடியுமா என்று பாருங்கள்.

வரும் முதல் தேதி கணக்கு எழுதும்போது மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கடன் பக்கத்தில் முதல் வரியாக "ஒன்பது பவுன், 5 லட்சம்" என்று எழுதுங்கள். மீட்கும் மாதத்தை அவர் கையாலேயே குறிக்கட்டும். தோட்டத்தைப் பற்றி அம்மாவிடமும் அக்காவிடமும் பேசிய பிறகு என்ன முடிவானது என்று எனக்கு எழுதுங்கள். அந்த 20 லட்சத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அப்போது பார்க்கலாம்.